பென்ட்ஹவுஸ் என்றால் என்னங்க?

1. இரண்டு சூட்கேஸ்

"ஏனுங்க மேடம், இந்த ஊர்ல பென்ட்ஹவுஸுன்னா என்னங்க?"

ஏப்ரல் மாத மத்தியானம் ஒன்றில், பேகம்பேட் ஆபீஸில் என் மேசைக்கு முன்னால் வந்து நின்று சுகந்தி கேட்ட முதல் கேள்வி இது. வணக்கம்கூட அப்புறம்தான் வந்தது. பக்கத்தில் இரண்டு சூட்கேஸ். ஒன்றின் மேல் அவளுடைய ஐந்து வயது மகள் நிலா உட்கார்ந்தபடியே தூங்கி வழிந்துகொண்டிருந்தாள். பின்னால் கணவர் கதிரேசன், தரையில் எதையோ தொலைத்தவர் மாதிரி குனிந்தே நின்றார்.

நான் ஸ்டெல்லா. விவசாய மோட்டார் பம்ப் விற்கும் ஒரு கம்பெனியின் ஹெச்.ஆர். பிரிவில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவள். கடைசிப் பல வருஷங்கள் என்னை உட்கார வைத்திருந்த இடத்துக்கு ரீலொகேஷன் டெஸ்க் என்று பெயர். ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்கு டிரான்ஸ்ஃபர் ஆகிறவர்களுக்கு அங்கே வாடகை எவ்வளவு, இங்கே எவ்வளவு, அட்வான்ஸ், மெயின்டனன்ஸ், கரண்ட், தண்ணி, கேஸ் எல்லாம் எப்படி என்று ஒரு கம்பேரிசன் ஷீட் போட்டுக் கொடுப்பது என் வேலை. தமிழ்நாடு, ஆந்திரா, கர்நாடகா, தெலங்கானா நான்கும் என் பொறுப்பு. தமிழ்நாட்டுக்கும் தெலங்கானாவுக்கும் நடுவில் ஆந்திரா படுத்திருந்தாலும், எங்கள் ஆபீஸில் எல்லாம் "பக்கத்து மாநிலம்"தான்.

"உக்காருங்கம்மா. முதல்ல தண்ணி குடிங்க," என்றேன்.

"தண்ணி இருக்கட்டுங்க. சொல்லுங்க."

"பென்ட்ஹவுஸுன்னா... மொட்டை மாடியில கட்டி விட்டிருக்கிற ரூம்."

சுகந்தி மெதுவாகக் கணவர் பக்கம் திரும்பினாள். "கேட்டீங்களா? மேடத்துக்குத் தெரிஞ்சிருக்குது. வீட்டைப் பாக்கக் கூட்டிட்டுப் போன ஆட்டோக்காரருக்குத் தெரிஞ்சிருக்குது. உங்களுக்குத்தான் தெரியல." பிறகு என்னிடம், "எங்கப்பா ஊரெல்லாம் சொல்லிட்டாருங்க மேடம், மாப்ள ஹைதராபாத்துல பென்ட்ஹவுஸ் புடிச்சிட்டாருன்னு" என்றாள்.

சிரிக்கக் கூடாது என்று எவ்வளவோ அடக்கிப் பார்த்தேன். முடியவில்லை. நல்ல வேளை, அவளும் கோபத்தோடேயே கொஞ்சம் சிரித்துவிட்டாள்.

2. ஒரே வார்த்தை, இரண்டு வீடு

இதில் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். ஹைதராபாத்தில் பிறந்து வளர்ந்த என்னைப் போன்றவர்களுக்கு பென்ட்ஹவுஸ் என்றால் ஒரே அர்த்தம்தான். நாலு மாடிக் கட்டடம் கட்டி முடித்த பிறகு, மேலே மிச்சம் இருக்கும் மொட்டை மாடியில் ஒரு ஓரமாக இரண்டு அறையும் ஒரு கிச்சனும் எழுப்பி வாடகைக்கு விடுவார்கள். தெருத் தெருவாக டு-லெட் பலகையில் அதைத்தான் எழுதித் தொங்கவிடுவார்கள். லிஃப்ட் இருந்தாலும் அதற்கு ஒரு மாடி கீழேயே நின்றுவிடும். வெயில் நேராகத் தலைக்கு மேல் இறங்கும். வாடகை கம்மி.

கோயம்புத்தூர்க்காரரான கதிரேசனுக்குத் தெரிந்த பென்ட்ஹவுஸ் வேறு. சினிமாவில் வில்லன் குடியிருப்பான் இல்லையா, அந்த மாதிரி.

அவர் எங்கள் கோவை கிளையில் சர்வீஸ் இன்ஜினியர். கெட்டிக்காரர். ஓடாத மோட்டாரைத் தொட்டுப் பார்த்தே காயில் போயிற்றா, பேரிங் போயிற்றா என்று சொல்லிவிடுவார். அந்தக் கிளையைச் சின்னதாக்கியபோது அவருக்கு ஹைதராபாத் ஆர்டர் போட்டார்கள். வழக்கம்போல நான் போன் செய்தேன்.

"வீடு பாத்தாச்சா கதிரேசன்? இல்ல, நான் பாக்கட்டுமா?"

"பாத்தாச்சுங்க மேடம். ஆன்லைன்லயே. ஹப்சிகுடாவுல ஒரு பென்ட்ஹவுஸ்."

"ஹவ்வா, அப்படியா? நல்லது. மெட்ரோ பக்கம்தான்."

பரவாயில்லையே, சிக்கனமான ஆள், வந்த இடத்தில் காசைக் கரியாக்காமல் மொட்டை மாடி ரூமாகப் பார்த்திருக்கிறார் என்று நான் நினைத்துக்கொண்டேன். பென்ட்ஹவுஸ் என்று சொல்லியும் மேடம் அலட்டிக்கொள்ளவே இல்லையே, ஹைதராபாத்தில் இதெல்லாம் சாதாரணம் போல என்று அவர் நினைத்துக்கொண்டார். பீளமேட்டில் ஒரு போர்ஷனுக்குக் கொடுக்கும் வாடகைக்குத் தெலங்கானாவில் பென்ட்ஹவுஸே கிடைக்கிறது என்று கணக்குப் போட்டு, அன்று சாயங்காலமே டிரான்ஸ்ஃபருக்குச் சம்மதக் கையெழுத்து போட்டு அனுப்பிவிட்டார். என் கம்பேரிசன் ஷீட்டை அவர் திறந்துகூடப் பார்க்கவில்லை.

ஆபீஸுக்கு வந்த அன்று, கதிரேசன் டீ வாங்கி வர வெளியே போனபோது சுகந்தி நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் போட்டுக்கொண்டாள். அப்போதுதான் விஷயம் மாடியும் வெயிலும் மட்டும் இல்லை என்று தெரிந்தது.

அவள் கோவையில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். பிரின்சிபால் அவளை விட மனசில்லாமல், சம்பளமில்லாத லீவு எடுத்துக்கொண்டு போய்ப் பார், ஜூனில் பள்ளி திறப்பதற்குள் வருகிறாயா இல்லையா என்று சொல்லிவிடு, அதுவரை உன் இடத்தில் ஆள் போட மாட்டேன் என்று அனுப்பியிருந்தார். திரும்பிப் போவதென்றால் நிலாவோடு அவள் அங்கே, கதிரேசன் இங்கே. அவர் திரும்பிப் போகக் கோவை கிளையில் இடமே கிடையாது.

"அங்க ஸ்டாஃப் ரூம்ல பேசுவோம், பஸ்ஸுல பேசுவோம், வீட்டுக்கு வந்தா எதுத்த வீட்டு அக்கா பேசுவாங்க," என்றாள். "இங்க இவரு காலைல சர்வீஸுக்குப் போனா ராத்திரிதான் வருவாரு. தெலுங்கும் தெரியாது, இந்தியும் தெரியாது. அந்த மாடியில நானும் தண்ணி டேங்க்கும்தானுங்க. அவரை உட்டுட்டுப் போகவும் மனசு வரல. இங்க இருந்தா வாயே பூஞ்சை புடிச்சிருமாட்டம் இருக்குது."

எனக்குப் பாவமாக இருந்தது. என் அப்பா லாலாகுடா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்தவர். எங்களைச் சுற்றி நாலு தமிழ் வீடு எப்போதும் இருந்தது. வீட்டில் அம்மா திருநெல்வேலித் தமிழில் திட்டினால் நாங்கள் வேண்டாம்மா என்பதை ஹைதராபாத் உருதுவில் "நக்கோம்மா" என்று சொல்லிக்கொண்டே வளர்ந்தோம். பேச ஆள் இல்லாத ஊர் என்று எனக்கு ஒன்று வாய்த்ததே இல்லை.

"பயப்படாத சுகந்தி. நல்ல ஃப்ளாட்டா நான் பாத்துத் தர்றேன்," என்றேன். ஒருமையில் எப்போது இறங்கினேன் என்று எனக்கே தெரியவில்லை.

3. ராவ் சாரின் கணக்கு

நல்ல ஃப்ளாட் என்றால் வாடகை ஏறும். ஏறினால் கம்பெனி ஹவுசிங் அலவன்ஸ் தர வேண்டும். அதற்கு ஃபைனான்ஸ் மேனேஜர் ராவ் சார் சம்மதிக்க வேண்டும். அவர் அப்போதுதான் குண்டூரிலிருந்து வந்து சேர்ந்திருந்தார். நல்ல மனுஷர், ஆனால் காசு விஷயத்தில் கையை இறுக்கி மூடியவர். அவர் தெலுங்கில் பேசியதைத் தமிழில் தருகிறேன்.

கதிரேசனின் கோவை வாடகை ரசீது, கரண்ட் பில், கேஸ் பில் எல்லாவற்றையும் மேசையில் பரப்பி வைத்து, "ஸ்டெல்லாகாரு, இந்தக் குடும்பத்துக்கு அலவன்ஸே தேவையில்லை," என்றார். "ஹப்சிகுடாவில் இதே மாதிரி வீட்டுக்கு வரும் கரண்ட் பில்லைப் பாருங்கள், கோயம்புத்தூர் பில்லில் பாதிதான். இங்கே வந்ததில் அவர்களுக்கு லாபம்."

"சார், அது ரெண்டு மாசத்து பில்."

"என்னது?"

"தமிழ்நாட்டில் ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவைதான் ரீடிங் எடுப்பார்கள். நம்மைப் போல மாதா மாதம் இல்லை. அதுவும் முதல் நூறு யூனிட் இலவசம்."

ராவ் சார் நாற்காலியில் சாய்ந்து என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். தமிழ்க் குடும்பத்துக்குத் தமிழ்க்காரி பரிந்து பேசுகிறாள் என்று நினைத்தாரோ என்னவோ, கதிரேசனுக்கே போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். தெலுங்கில் கேட்டார், கதிரேசனுக்குப் புரியவில்லை. ஆங்கிலத்தில் கேட்டார்.

"யெஸ் சார். ஒன்ஸ் இன் டூ மன்த்ஸ் சார்," என்றது போன்.

"அப்படியானால் நடுவில் வரும் மாதத்தில் என்ன செய்வீர்கள்?"

போன் பக்கத்தில் சுகந்தி இருந்திருக்க வேண்டும். அவள் குரல்தான் கேட்டது. "நடு மாசத்துல என்ன பண்றது, சும்மாதான் இருப்போமுங்க!"

நான் அதைத் தெலுங்கில் சொன்னேன். ராவ் சார் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "பில்லே வராத மாதமா! நிம்மதியான ஜனங்கள்," என்றார். பிறகு பென்சிலை எடுத்து, கோவை பில்லை இரண்டாக வகுத்தார். பாதிதான் என்று அவர் சொன்ன ஹப்சிகுடா பில்லும் அதுவும் ஏறக்குறைய ஒன்றாகவே நின்றன. அதோடு அவர் காட்டியது நிழலான கீழ்த்தள வீட்டு பில், இவர்கள் இருக்கும் மொட்டை மாடிக்குக் கூலரும் ஓட வேண்டும் என்று நான் சொன்னதும் தட்டு இந்தப் பக்கம் தாழ்ந்துவிட்டது.

விடுவாரா? "அட்வான்ஸ்? அங்கே மாதக்கணக்கில் பெரிய அட்வான்ஸ் வாங்குகிறார்கள், இங்கே ரெண்டு மாதம்தான். அது லாபம் இல்லையா?"

"அது திரும்பி வரும் பணம் சார். லாபத்தில் சேராது. இங்கே மாதா மாதம் மெயின்டனன்ஸ் கட்டுவது திரும்பி வராது."

இப்படி ஒரு மத்தியானம் முழுக்க இழுபறி. இரண்டு மாநிலத்தையும் ஒரே வரிசையில் நிற்க வைப்பது அவ்வளவு சுலபம் இல்லை. ஒன்றில் வாடகைக்குள் தண்ணி அடங்கும், இன்னொன்றில் தண்ணி தனி. ஒன்றில் வீட்டு ஓனர் சப் மீட்டர் வைத்து யூனிட்டுக்குத் தன் இஷ்டத்துக்கு வாங்குவார், இன்னொன்றில் நாமே நேராகக் கட்டுவோம். கடைசியில் எல்லாம் கூட்டிக் கழித்தால் கோவையும் ஹைதராபாத்தும் கிட்டத்தட்ட ஒன்றுதான், நல்ல ஃப்ளாட் என்றால் இங்கே கொஞ்சம் கூட என்று வந்தது. அந்தக் கொஞ்சத்துக்கு ராவ் சார் கையெழுத்துப் போட்டார்.

"அந்த அம்மாவிடம் சொல்லுங்கள், இனிமேல் நடு மாதமே கிடையாது என்று," என்றார்.

4. பார்த்த வீடுகள்

அடுத்து வீடு வேட்டை. சனிக்கிழமைகளில் நானும் சுகந்தியும் நிலாவும் கிளம்பினோம். தார்நாகாவில் ஒரு ஃப்ளாட்டில் ஓனரம்மா கதவைத் திறந்ததும் கேட்ட முதல் கேள்வி, "வெஜ்ஜா, நான்வெஜ்ஜா?" ஞாயிற்றுக்கிழமை கோழி இல்லாமல் கொங்குநாட்டுக் குடும்பம் எப்படி வண்டி ஓட்டும்? சுகந்தி என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன், நிலா மட்டும் "சிக்கன்!" என்று உரக்கச் சொன்னாள். அதோடு அந்த வீடு முடிந்தது.

இன்னொரு வீட்டில் போர்த் தண்ணி மட்டும்தான். சுகந்தி குழாயைத் திறந்து ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தாள். கோயம்புத்தூர்க்காரர்களிடம் தண்ணியைப் பற்றிப் பேச்சுக் கொடுக்கவே கூடாது. சிறுவாணித் தண்ணி குடித்து வளர்ந்த நாக்கு.

"இதுல பருப்பு வெந்தாப்பலதான்," என்றாள்.

"இப்ப இருக்கிற மாடியில தண்ணிக்கு என்ன பண்ற?"

"அங்கயும் போர்த் தண்ணிதானுங்க. ஆனா ஓனரம்மா விமலம்மா இருக்காங்கல்ல, கீழ சம்ப்புல மஞ்சீராத் தண்ணி வருது, அதுல ரெண்டு குடம் புடிச்சுக்கச் சொல்லிட்டாங்க. பருப்பு வேகல வேகலன்னு நான் கையால காட்டுனேன், அவங்களாப் புரிஞ்சுக்கிட்டாங்க. சிறுவாணி ஆகாதுங்க, இருந்தாலும் குடிக்கலாம்."

மஞ்சீரா என்பது இந்த ஊரில் கார்ப்பரேஷன் குடிதண்ணிக்கு நாங்கள் எல்லாரும் சொல்லும் பெயர். இப்போது எந்த ஆற்றிலிருந்து வந்தாலும் எங்களுக்கு அது மஞ்சீராதான்.

மே மாதம் நடுவில் குஷாய்குடாவில் ஒரு வீடு அமைந்தது. பெரிய எலக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரியில் வேலை பார்த்து ரிட்டயரான ஒருவருடைய ஃப்ளாட். மூன்றாவது மாடி, இரண்டு பெட்ரூம், கிழக்கு வாசல், குழாயில் மஞ்சீரா, லிஃப்ட், எந்த அறையிலும் வெயில் கிடையாது. வெஜ்ஜா நான்வெஜ்ஜா என்று அவர் கேட்கவே இல்லை. என் உத்தியோக வாழ்க்கையில் இத்தனை கட்டத்திலும் டிக் விழுந்த வீடு ரொம்பக் கம்மி. எனக்கு ஒரே சந்தோஷம்.

சுகந்தி எல்லா அறையையும் பார்த்தாள். வெளியே நீளமான வராண்டாவில் வரிசையாக நாலு கதவு, நாலும் சாத்தியிருந்தன.

"இங்கெல்லாம் ஆள் குடி இருக்காங்களாங்க?"

"எல்லா வீட்லயும் இருக்காங்கம்மா. புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் வேலைக்குப் போயிருப்பாங்க," என்று ஓனர் தெலுங்கில் சொன்னதை நான் அவளுக்குச் சொன்னேன்.

"நல்ல வீடுங்க," என்றாள் அவள். குரலில் சுரத்தில்லை. வெயிலில் அலைந்த களைப்பு என்று எடுத்துக்கொண்டேன். ஒரு வாரத்துக்கு வீட்டை யாருக்கும் காட்டாமல் வைத்திருங்கள் என்று ஓனரிடம் சொன்னேன். வெள்ளை அடிக்க ஆள் வரும் என்று ஒரு சாவியை அவர் என்னிடமே கொடுத்தார். அடுத்த ஞாயிறு அவர்களைக் கூட்டிக்கொண்டு போய் அக்ரிமென்ட்டில் கையெழுத்துப் போட வைப்பதாக ஏற்பாடு.

5. டேங்க்

ஞாயிறு காலை சர்ச்சில் பூசை முடிந்து நேராக ஹப்சிகுடா போனேன். பழைய கட்டடம், லிஃப்ட் கிடையாது. நாலு மாடி ஏறி மூச்சு வாங்கிக்கொண்டு மேலே போனால், கல்யாண வீடு மாதிரி கூட்டம். ஒரு பக்கம் இரண்டு பெண்கள் துணி காயப்போட்டுக்கொண்டே பேசிக்கொண்டிருந்தார்கள். நிழல் விழுந்த ஓரத்தில் ஆறேழு பிள்ளைகள் நோட்டுப் புத்தகத்தோடு தரையில். நடுவில் சின்னதாக ஒரு கோலம். மொட்டை மாடியில் கோலம் போட்டு நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அறையின் கூரைக்குப் புதிதாக வெள்ளை பெயின்ட் அடித்திருந்தார்கள். சூட்டைக் கொஞ்சம் தாங்கும் என்று விமலம்மா அடித்துக் கொடுத்தாராம். ஜன்னலில் ஒரு கூலர் இரைந்துகொண்டிருந்தது.

சுகந்தி டேங்க் பக்கத்துச் சுவரில் சாய்ந்து கீழே எட்டிப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தாள்.

"நிண்டிந்தா?" என்று கீழேயிருந்து விமலம்மாவின் குரல். ரொம்பிவிட்டதா என்று அர்த்தம்.

"இன்னும் ரொம்பலீங்கண்டி!"

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. கொங்குத் தமிழில் எல்லாவற்றுக்கும் ஒரு "ங்க" உண்டு. தெலுங்கில் மரியாதைக்கு ஒரு "அண்டி" உண்டு. இவள் இரண்டையும் சேர்த்துக் கட்டிவிட்டாள். கீழே விமலம்மாவுக்கு அது அழகாகப் புரிந்தது.

நடந்தது இதுதான். கட்டடத்து மோட்டார் சுவிட்ச் கீழே விமலம்மா வீட்டில். டேங்க் மேலே, சுகந்தி வீட்டு வாசலில். டேங்க் நிரம்பியதை மேலே இருப்பவர் சொல்லாவிட்டால் தண்ணி வழிந்து படிக்கட்டெல்லாம் ஓடும். முதல் வாரம் வழிந்திருக்கிறது, சண்டையும் வந்திருக்கிறது. அதிலிருந்து காலையும் மாலையும் மோட்டார் போடும்போதெல்லாம் எல்லா மாடியிலிருந்தும் சுகந்தியைக் கூப்பிட ஆரம்பித்தார்கள். துணி காயப்போட வந்தவர்கள் அவளைப் பார்க்காமல் டேங்க் பக்கம் போக முடியாது. பிள்ளைகள் விளையாட வந்தார்கள். ஒரு பையன் வாய்ப்பாட்டை இங்கிலீஷில் தப்பாகச் சொன்னது இவள் காதில் விழுந்திருக்கிறது. கணக்கு டீச்சருக்கு அது பொறுக்குமா? அன்றே பிடித்து உட்கார வைத்துவிட்டாள்.

கதிரேசன் கையில் ஒரு அட்டைப் பெட்டியோடு பரிதாபமாக நின்றார்.

"பாருங்க மேடம். லெவல் கன்ட்ரோலர் வாங்கிட்டு வந்திருக்கேன். சென்சாரை டேங்க்குல போட்டுட்டா, ரொம்புனதும் மோட்டார் தானா ஆஃப் ஆயிரும். சின்ன வேலைதான். மாட்ட உட மாட்டேங்கறா."

"எதுக்குங்க மாட்டணும்?" என்றாள் சுகந்தி.

"தெனம் வெயில்ல நின்னு கத்தறியே, தொண்டை என்னத்துக்காகும்?"

"எந்தொண்டை, நான் பாத்துக்கறேன். அதை மாட்டிட்டீங்கன்னா, கீழ இருந்து என்னை யாருங்க கூப்புடுவா?"

கதிரேசன் பெட்டியையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். குஷாய்குடா சாவி என் ஹேண்ட்பேக்கில் இருந்தது. அதை எடுக்கவே கூச்சமாக இருந்தது.

"அக்கா, கோவிச்சுக்காதீங்க," என்றாள் சுகந்தி. அதுவரை மேடம் என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். "நீங்க பாத்த வீடு நல்ல வீடுதான், குறையே சொல்ல முடியாது. ஆனா அங்க போனா நான் கதவைத் தொறந்தே வெக்க மாட்டேன். இங்க வெயில்தான், இல்லைங்கல. நாலு மாடி ஏறறது முட்டி வலிக்குது. ஆனா வாசல் இருக்குதுங்க."

வாசல் என்று அவள் கதவைச் சொல்லவில்லை. கோலத்தையும் பிள்ளைகளையும் துணிக்கொடியையும் சேர்த்துக் கையைச் சுற்றிக் காட்டிச் சொன்னாள்.

"அப்போ ஸ்கூலு?" என்றார் கதிரேசன், ரொம்ப மெல்ல. இவ்வளவு நாள் அவர் அதைக் கேட்கப் பயந்துகொண்டே இருந்திருக்கிறார் என்று அந்தக் குரலிலேயே தெரிந்தது.

"இப்பவே சொல்லிடறேன்," என்று பிரின்சிபாலுக்குப் போன் போட்டுக்கொண்டு ஓரமாகப் போனாள். "மேடம், நான் வரலீங்க... இல்லீங்க, ஒரு பிரச்சனையும் இல்லீங்க... நல்லா இருக்கேனுங்க மேடம்... பசங்க இங்கயும் இருக்காங்க..." என்பதுவரை காதில் விழுந்தது. அப்புறம் இன்னும் தள்ளிப் போய்விட்டாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து இருந்த பள்ளிக்கூடம். அழாமல் எப்படி இருக்க முடியும்? எனக்கும் கண் கலங்கியது. கதிரேசன் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, எங்கே பார்ப்பது என்று தெரியாமல் டேங்க்கைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

குஷாய்குடா ஓனருக்கு அன்றே போன் செய்து மன்னிப்புக் கேட்டேன். ராவ் சார் அலவன்ஸில் பாதியை வெட்டினார், மீதியைக் கூலருக்கும் கரண்ட்டுக்கும் என்று சண்டை போட்டு வாங்கிக் கொடுத்தேன். சுகந்தி இன்றைக்கும் மே மாதம் வந்தால் ஹைதராபாத்தைத் திட்டுகிறாள், அதையும் தெலுங்கில்தான்.

இப்போது அந்த டெஸ்க்கில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். ஷீட் போடுங்கள். பில் எத்தனை மாதத்துக்கு என்று பாருங்கள். பென்ட்ஹவுஸ் என்றால் எந்த பென்ட்ஹவுஸ் என்று கேளுங்கள். எல்லாம் கேட்டு முடித்த பிறகு, போகிற இடத்தில் அந்த வீட்டுப் பெண்ணைப் பெயர் சொல்லிக் கூப்பிட யாராவது இருப்பார்களா என்றும் விசாரியுங்கள். அதை நான் விசாரித்துத் தெரிந்துகொள்ளவில்லை, அந்த மாடியில் காதாலேயே கேட்டேன். அந்த ஞாயிறு சுகந்தி இன்னும் போனில் பேசிக்கொண்டிருந்தபோது கீழேயிருந்து மறுபடி "நிண்டிந்தா?" என்று குரல் வந்தது. அவள் அழுவதைக் கெடுக்க வேண்டாம் என்று கதிரேசன் ஓடிப் போய் டேங்க்கைத் திறந்து பார்த்து, சுவரில் சாய்ந்து, "ஆமாங்க, ரொம்பிருச்சு!" என்று உரக்கச் சொன்னார்.

மோட்டார் நிற்கவில்லை. விமலம்மா கீழேயிருந்து கத்தினார்:

"மீரு காது பாபு, சுகந்தினி பிலவண்டி!"

நீங்க வேண்டாம் தம்பி, சுகந்தியைக் கூப்பிடுங்க என்று கதிரேசனுக்கு நான் தமிழில் சொல்வதற்குள், சுகந்தி போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டு, மூக்கை உறிஞ்சிக்கொண்டே சுவரை நோக்கி ஓடினாள்.